17ஆம் கட்டில்



இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசிக்கலாம்.

இரண்டு கிழமைக்கு முன்னர் நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றியது. வைத்தியசாலை வாட்டு ஒன்றில் ஒரு நோயாளியின் மகனுக்கும் ஒரு தாதிக்கும் வாய்ச்சண்டை. "எங்கட உம்மாக்குப் பேரில்லையா? என்ன சும்மா 17ஆம் கட்டில், 17ஆம் கட்டில் எண்டு கூப்பிடுறீங்க?" என்று மகன் கேட்கிறார். தாதி ஏதோ பதில் சொல்கிறார், சத்தத்தில் விளங்கவில்லை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். யாரோ அதற்குத் 'திமிர்' என்று தலைப்புப் போட்டு அனுப்பினார்கள். நாமும் பகிர்ந்தோம். இதை எழுதுகின்ற நாங்களும்தான், இரண்டு குழுக்களுக்கு. எந்த வைத்தியசாலை என்று கீழே யாரும் கேட்க வேண்டாம், சொல்லப் போவதில்லை.

அந்த வாட்டில் அன்று டியூட்டியில் இருந்த இன்னொரு தாதி, எங்களிடம் வரலாறு படித்த பிள்ளை. வழியில் கண்டு பேச்சுக் கொடுத்தபோது, முதலில் ஒன்றும் சொல்லாமல் நின்றார். பிறகு சொன்னார்: "சேர், அந்த 17ஆம் கட்டில்ல முதல்நாள் வரைக்கும் வேற ஒரு உம்மா இருந்தா. அவவ மூணு கிழமையா ராத்தா எண்டுதான் கூப்பிட்ட நாங்க. சுபஹுக்கு முந்தி எங்கட கையில மௌத்தானா. பத்து மணிக்கு அதே கட்டிலுக்குப் புது ஆள் வாறாங்க. பேர் வாய்க்குள்ள வருதில்ல சேர்."

வரலாறு படிப்பிக்கிற வாத்திக்கு இந்த மாதிரி நேரத்தில் வேறென்ன தெரியும்? பழைய விசயங்களைத் தேடத் தொடங்கினோம். தேடியதில் முதலில் கண்ணில் பட்டது, ஏறத்தாழ எழுபது வருடத்துக்கு முந்திய லண்டன். அங்கேயும் இதே கட்டில் இலக்கம்தான்.

1950களில் லண்டனின் பெரிய போதனா வைத்தியசாலை ஒன்றில் தாதியர் பயிற்சி குழம்பிப் போயிருந்தது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் அளவில் முடிக்காமலே போனார்கள். அவர்களில் பெரும்பாலானோரை யாரும் விலக்கவில்லை, தாங்களாகவே போனார்கள். ஏன் என்று பார்க்க இஸபெல் மென்ஸீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளரை அழைத்தார்கள். அவர் மாதக்கணக்காக வாட்டுகளில் இருந்து பார்த்தார், பேசினார், 1960 அளவில் தன் கட்டுரையை வெளியிட்டார். தாதியியல் படிப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

அவர் கண்டது இதுதான். நோவு, இரத்தம், மலம், மரணம், அழுகிற உறவினர் என்று நாள் முழுக்க இவற்றோடு இருக்கிற மனிதருக்குள் பெரிய பதற்றம் எழும். அந்தப் பதற்றத்தைப் பற்றி வைத்தியசாலை யாரோடும் பேசுவதில்லை. பேசுவதற்குப் பதிலாக அதை மூடி மறைக்கிற மாதிரி வேலையை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. ஒரு தாதிக்கு நாலு நோயாளி என்று கொடுத்தால் அந்த நாலு பேரில் பற்று வந்துவிடும். ஆகவே ஒரு தாதிக்கு ஒரே வேலை, முப்பது நோயாளிக்கும். ஒருவர் காய்ச்சல் பார்ப்பார், இன்னொருவர் மருந்து கொடுப்பார். நோயாளியைப் பெயரால் அல்ல, கட்டில் இலக்கத்தாலோ கெட்டுப்போன உறுப்பாலோ அழைப்பார்கள். பயிற்சித் தாதியரை ஒரு வாட்டில் வேரூன்ற விடாமல் அடிக்கடி மாற்றுவார்கள். அழுதால் கண்டிப்பார்கள்.

இதெல்லாம் தாதியரைக் காக்கத்தான். ஆனால் காக்கவில்லை என்றார் மென்ஸீஸ். பதற்றம் உள்ளேயே இருந்தது. நோயாளியோடு பழகுவதில் கிடைக்கிற திருப்திதான் போனது. இன்னொன்றையும் கண்டார், அதுதான் எங்களை அதிகம் உறுத்தியது. விட்டுப் போனவர்கள் பலவீனமானவர்கள் அல்ல, பெரும்பாலும் நல்ல பக்குவமான பிள்ளைகள்தான் போனார்கள். இரக்கம் கூடியவருக்கு அந்த ஒழுங்கு தாங்க முடியாததாக இருந்திருக்கிறது.

நமது வீடியோவைத் திரும்பப் பாருங்கள். (பார்க்க வேண்டாம், அழித்துவிடுங்கள். நினைவில் பாருங்கள்.) அந்த மகன் கேட்டதில் பிழையில்லை. பெற்றெடுத்த உம்மாவை இலக்கம் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கும் வலிக்கும். ஆனால் அந்த இலக்கத்துக்குப் பின்னால் திமிர்தான் இருக்கிறது என்று முடிவு கட்டியது நாம்.

மென்ஸீஸுக்குப் பதினைந்து வருடத்துக்குள் நியூயோர்க்கில் இன்னொரு கதை. ஹேர்பர்ட் ப்ரொய்டன்பேர்கர் என்பவர் ஜேர்மனியில் பிறந்த யூதர், நாஸிகளிடமிருந்து சிறுவயதில் தப்பி அமெரிக்கா போனவர், உளவியலாளர். பகலில் தன் சொந்தக் கிளினிக். மாலையானால் ஏழைகளுக்கும் போதைக்கு அடிமையான இளைஞர்களுக்குமான இலவசக் கிளினிக்கில் நள்ளிரவு வரை தொண்டு. அங்கே நல்ல மனதோடு வந்த தொண்டர்கள் ஒரு வருட அளவில் மாறிப்போவதைக் கண்டார். தலையிடி, நித்திரையின்மை, எரிச்சல், எதற்கெடுத்தாலும் சந்தேகம். தாங்கள் யாருக்காக வந்தார்களோ அவர்கள் மீதே வெறுப்பு. பிறகு அவரே விழுந்தார். குடும்பத்தோடு விடுமுறைக்குப் புறப்பட வேண்டிய நாளில் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. தன் மனதில் உள்ளதை ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, திரும்பப் போட்டுக் கேட்டார்; கேட்டது தனக்கே அறிமுகமில்லாத ஒரு கோபக்காரரின் குரல்.

1974இல் அவர் எழுதிய கட்டுரையால்தான் 'பேர்ன் அவுட்' என்ற சொல் பரவியது. எரிந்து தீர்ந்துபோதல். போதைக்கு அடிமையானவர்களைப் பற்றித் தெருவில் புழங்கிய சொல்லை எடுத்து, அவர்களைப் பராமரித்தவர்களுக்குச் சூட்டினார். 1981இல் கிறிஸ்டினா மஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்க ஒரு வினாக்கொத்து செய்தார்கள். அதில் மூன்று விசயம் பார்க்கப்படும்: மனம் களைத்துப் போதல், எதிரில் உள்ளவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போதல், 'நான் செய்து என்ன பயன்' என்ற எண்ணம். நாம் வைத்தியசாலை பற்றிச் சொல்கிற முறைப்பாடுகளில் பாதி இந்த இரண்டாவதுக்குள் அடங்கும். 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் இதை ஒரு நோயாக அல்லாமல், வேலைத்தலத்தில் நீண்ட காலம் கவனிக்கப்படாத அழுத்தத்தின் விளைவாக வரையறுத்தது. அதாவது பிழை ஆளில் இல்லை, அவரை வைத்திருக்கிற இடத்தில்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று யாராவது எழுதுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் ருஹா நகரத்தவரான இஸ்ஹாக் இப்னு அலி அர்ருஹாவி, 'அதபுத் தபீப்' என்று வைத்தியரின் ஒழுக்கம் பற்றி இருபது அத்தியாயத்தில் அரபியில் ஒரு நூல் எழுதினார். ருஹா இன்று துருக்கியில் உள்ள உர்ஃபா. முதல் அத்தியாயம் வைத்தியரின் நம்பிக்கை பற்றியது. இரண்டாவதே வைத்தியர் தன் சொந்த உடம்பை எப்படிப் பேண வேண்டும் என்பது. நோயாளி அதற்குப் பிறகுதான் வருகிறார். அதற்குச் சற்றுப் பின் வந்த அபூ ஸைத் அல்பல்கீ, கி.பி. 934இல் மறைந்தவர், உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் எழுதினார். வீட்டில் அவசரத்துக்கு மருந்து வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் காலத்திலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னவர் அவர். பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன் எழுதியிருந்தும் நாம் அதை வாசிக்கவில்லை என்பதுதான் விசயம்.

இனி நமது கடற்கரைக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா தினம். நமது மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இலங்கையில் ஆகக்கூடிய இழப்பு அம்பாறை மாவட்டத்துக்குத்தான். இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு காட்சியை மட்டும் நினைவூட்டுகிறோம். வைத்தியசாலை விறாந்தைகளில் ஜனாஸாக்களை வரிசையாகக் கிடத்தியிருந்தபோது, வெள்ளைச் சீருடையோடு குனிந்து முகம் முகமாகத் துணி விலக்கிப் பார்த்தவர்களை நாங்கள் கண்டோம். அவர்கள் அடையாளம் காட்ட வந்தவர்கள் என்று நினைத்தோம். தங்கள் பிள்ளையைத் தேடியவர்களும் அதில் இருந்தார்கள். தேடிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, காயக்காரருக்கு மருந்து கட்டப் போனார்கள். கடற்கரை ஓரத்தில் குடியிருந்த ஊழியர்கள் எத்தனை பேர்!

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நமது ஊர்களில் உளவளத்துணைக்குப் பஞ்சமிருக்கவில்லை. கூடாரம் கூடாரமாக வந்தார்கள். பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் கொடுத்துக் கடல் வரையச் சொன்னார்கள். விதவைகளை வட்டமாக இருத்திப் பேச வைத்தார்கள். அதில் நன்மையும் நடந்தது, வேடிக்கையும் நடந்தது. தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர் வந்து ஒரு மணித்தியாலம் ஆறுதல் சொல்லிப் போனதை எங்கள் பாடசாலையிலேயே பார்த்தோம். நாட்டுக்கு ஒரு நல்லது நடந்தது: மறு வருடம், 2005இல், தேசிய மனநலக் கொள்கை வந்தது. அதுவரை பெரிய நகரங்களில் முடங்கிக் கிடந்த மனநல சேவை மாவட்டங்களுக்கு இறங்கத் தொடங்கியது. ஆனால் அந்த விறாந்தையில் துணி விலக்கிப் பார்த்த தாதியிடம் போய் "மிஸ், நீங்க எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்ட ஒருவரையும் எங்களுக்கு நினைவில்லை. அவர்கள் கேட்கிற பக்கத்தில் இருந்தவர்கள். கேட்கப்படுகிற பக்கத்தில் அவர்களை யாரும் இருத்தவில்லை. நாமும் கேட்கவில்லை.

அடுத்தது சொல்லக் கஷ்டமான காலம்.

2020 ஏப்ரலில் கொவிட் மரணங்களைத் தகனம் செய்ய மட்டுமே வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கமும் செய்யலாம் என்று சொல்லியிருந்தும் வந்தது. டிசம்பரில் பிறந்து இருபது நாளான பச்சிளம் குழந்தையை எரித்தார்கள். பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டினோம். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அனுமதி வந்தது, மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடங்கின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே உறங்குகிறார்கள். அந்தக் கோபம் நியாயமான கோபம். அதில் ஒரு சொல்லையும் நாங்கள் திரும்பப் பெறவில்லை.

ஆனால் அந்தக் கோபம் யார் தலையில் இறங்கியது? வர்த்தமானியில் கையெழுத்திட்டவர் நமது கைக்கு எட்டவில்லை. எட்டியவர்கள் வாட்டு வாசலில் நின்ற தாதி, பெட்டியோடு வந்த பி.எச்.ஐ., பத்திரம் நீட்டிய இளம் டொக்டர். "உங்கட வாப்பாவைத் தர முடியாது" என்று ஒரு மகனிடம் சொல்கிற வேலை அவர்களுடையதாக இருந்தது. சொன்னவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். தான் நம்புகிற ஒன்றுக்கு மாறான கட்டளையைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டி வருவது ஒரு தனி வகையான காயம். போர்க்களத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் இதைக் கண்ட அமெரிக்க வைத்தியர் ஜொனதன் ஷே 1990களில் அதற்கு 'ஒழுக்கக் காயம்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். கொவிட் காலத்தில் உலகெங்கும் வைத்தியசாலைகளைப் பற்றி அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. நம் நாட்டில் அதற்கு ஒரு கூடுதல் அர்த்தம் இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறோம். அதே மாதங்களில் நமது ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த ஒரு தாதியிடம் "பிள்ளைகள் இருக்கிற வீடு, வேற இடம் பாருங்க" என்று சொல்லப்பட்டது. சொன்னவர் நல்ல மனிதர், தொழுகையாளி. நாங்களும் அந்தப் பேச்சில் இருந்தோம், வாய் திறக்கவில்லை. அவர் பதினைந்து மைல் தள்ளி அறை எடுத்தார். பஸ் இல்லாத காலம் அது. எப்படி வந்து போனார் என்று இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை.

2024 ஜூலையில் அமைச்சரவை அந்தக் கட்டாயத் தகனத்துக்காக முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கோரியது. அந்தப் பிள்ளையிடம் நமது ஒழுங்கை மன்னிப்புக் கோரியதா?

சரி, இப்படிப்பட்ட காலங்களில் வைத்தியசாலை ஆட்களுக்கு உண்மையில் உதவியது எது? இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 2003இல் சார்ஸ் கிருமி கனடாவின் டொரொண்டோ நகரைத் தாக்கியது. கனடாவில் 44 பேர் இறந்தார்கள்; தொற்றியவர்களில் கணிசமானோர் வைத்தியசாலை ஊழியர்கள். பக்கத்து ஹமில்டன் நகருக்கு அது பரவவில்லை. ஒரு வருடம் முதல் இரண்டு வருடம் கழித்து, ரொபர்ட் மோண்டரும் கூட்டாளிகளும் இரண்டு நகரங்களிலும் 13 வைத்தியசாலைகளின் 769 ஊழியர்களை ஆராய்ந்தார்கள். எரிந்து தீர்ந்த நிலை டொரொண்டோவில் 30.4 வீதம், ஹமில்டனில் 19.2 வீதம். கிருமி போய் இவ்வளவு காலத்துக்குப் பிறகும்! யாருக்குக் குறைவாக இருந்தது என்றும் பார்த்தார்கள். தகுந்த பயிற்சியும் பாதுகாப்பும் கிடைத்தது, தார்மீக ஆதரவு இருந்தது என்று உணர்ந்தவர்களுக்கு. தைரியசாலிகளுக்கு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

ஆதரவு என்றால் கைதட்டல் அல்ல. 2020இல் உலகம் முழுக்க பல்கனிகளில் கைதட்டினார்கள், நாமும் 'வீரர்கள்' என்று பதாகை கட்டினோம். வீரருக்கு நித்திரை தேவையில்லை, வீரர் அழக்கூடாது என்பதுதான் அந்தச் சொல்லின் அடியில் இருக்கிற சிக்கல். அந்த ஏப்ரலில், நியூயோர்க் வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுத் தலைமை வைத்தியரான லோர்னா பிரீன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநல உதவி பெற்றால் தொழிலுக்கு ஆபத்து வரும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். அவருடைய பெயரிலேயே 2022 மார்ச்சில் அங்கே சட்டம் வந்தது, சுகாதார ஊழியர்களின் மனநலத்துக்கு நிதி ஒதுக்குவதற்காக. நமது பிள்ளைகளும் இதே பயத்தில்தான் இருக்கிறார்கள். "கிளினிக்குக்குப் போனா ஊருக்குத் தெரிஞ்சிரும் சேர், கலியாணப் பேச்சும் நடக்குது" என்றார் அந்த மாணவி. (வாசிக்கிற சுகாதார ஊழியர்களுக்கு: 1926 என்ற இலக்கத்துக்குப் பேசலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. ஊரில் யாருக்கும் தெரியாது.)

எங்களுக்கு ஆகப் பிடித்த கதையைக் கடைசிக்கு வைத்திருந்தோம். பொஸ்டனில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்று ஒரு சட்டத்தரணி. நாற்பது வயது, சின்ன மகன். 1994 நவம்பரில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. சத்திரசிகிச்சைக்கு முந்திய பரிசோதனைக்குப் போனபோது, அங்கிருந்த தாதி அவசரத்தில் வெடுக்கென்று பேசினார். இவரும் அவருக்கு இன்னொரு முகமற்ற நோயாளி. பேச்சு வாக்கில் மகனைப் பற்றிச் சொன்னார். தாதியின் குரல் மாறியது, கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியது. ஷ்வார்ட்ஸ் அதை மறக்கவில்லை. 1995 ஜூலையில் பத்திரிகையில் எழுதினார், செப்டெம்பரில் மறைந்தார். மறைவதற்கு முன் ஒரு நிலையத்துக்கு அத்திவாரம் போட்டார். நோயாளிகளோடு அன்பாக இருங்கள் என்று ஊழியருக்கு உபதேசம் செய்கிற நிலையமல்ல அது. அந்த அன்பு வற்றிப்போகாமல் இருக்க ஊழியருக்கு என்ன தேவை என்று பார்ப்பதற்கு.

அங்கிருந்து 1997இல் ஒரு எளிய வழக்கம் தொடங்கியது. மாதத்துக்கு ஒருமுறை அளவில் பகல் சாப்பாட்டோடு ஒரு மணித்தியாலம், டொக்டரிலிருந்து சிற்றூழியர் வரை ஒன்றாக இருப்பார்கள். எந்த மருந்து சரி என்று பேசுவதில்லை. 'அந்த நோயாளி போனபோது எனக்கு என்ன நடந்தது' என்றுதான் பேசுவார்கள். இன்று அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நூற்றுக்கணக்கான இடங்களில் நடக்கிறது. இதைத் தொடங்கியது அமைச்சோ தொழிற்சங்கமோ அல்ல, ஒரு நோயாளி. நம்மைப் போல வாட்டில் கிடந்தவர்.

2022இலிருந்து நடந்தவற்றை நீட்டவில்லை. மருந்துத் தட்டுப்பாடு, பெற்றோல் வரிசை, வெளிநாடு போனவர்களின் வெற்றிடம். மூன்று பேர் செய்த வேலையை இருவர் செய்கிறார்கள். இரவு டியூட்டி ஏழு மணிக்குத் தொடங்கி காலை ஏழு வரை. அதை நம்மால் மாற்ற முடியாது. ஒன்றை முடியும்.

நமது ஊரில் யாராவது மௌத்தானால் அவர் பெயரில் வைத்தியசாலைக்கு ஏதாவது கொடுப்பது வழக்கம். சக்கர நாற்காலி, குடிநீர்த் தாங்கி, சுவர்க் கடிகாரம், நோயாளிக் கட்டில். எல்லாவற்றிலும் பெயர் எழுதியிருக்கும். நல்ல காரியம். ஆனால் நள்ளிரவு கழிந்து தாதி ஒருவர் இருபது நிமிடம் கதவை மூடிக்கொண்டு இருக்க, ஒரு ஜனாஸாவை அனுப்பிவிட்டு அழுதுவிட்டு முகம் கழுவ, ஒரு இடம் அங்கே இல்லை. மாணவியிடம் கேட்டோம். மருந்துப் பெட்டி அடுக்கிற களஞ்சிய அறையில் நின்றுதான் அழுவோம் என்றார்.

வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் உள்ள இருவரிடம் பேசியாயிற்று. பழைய களஞ்சியத்தை ஒதுக்கித் தரலாம் என்கிறார்கள், அனுமதிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். தேவை: இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, கைகழுவும் பேசின், கேத்தல், உள்ளே பூட்டக்கூடிய கதவு. பெயர்ப்பலகை போட மாட்டோம், கேட்க வேண்டாம். ஒரு கட்டிலுக்கு ஆள் கிடைத்துவிட்டது. அந்த வீடியோவில் இருந்த மகன்தான், அவருடைய உம்மா சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். கேத்தல் எங்கள் வீட்டிலிருந்து. மற்றவை பற்றி உள்பெட்டியில் சொல்லுங்கள்.